சின்னப் பையனை முதல் ஏழில் இறக்கலாமா?

காணும் பொங்கல் நெருங்கினாலே குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்து கபடி டீம்களில் கிளம்பும் சண்டைதான் இது. பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் பிராக்டிஸில் எல்லாரையும் தொட்டுவிட்டு வருகிறான், அவனை மெயின் ரெய்டராக, அதாவது எதிராளி பக்கம் பாடிப்போய் ஆளைத் தொட்டு வருபவனாகப் போடுவதா, இல்லை முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு ஆடும் சீனியர் அண்ணனையே இன்னும் ஒரு வருஷம் ஓட்டுவதா? பையன் எப்படி ஆடுகிறான் என்பதை அப்புறம் பேசலாம், முதலில் உங்கள் டிஃபென்ஸைப் பாருங்கள்.

கபடியில் அவுட்டானவனுக்குப் பதில் வேறு ஆளை இறக்க முடியாது. மிச்சம் இருப்பவர்கள் எதிராளியைப் பிடித்தோ தொட்டோ புள்ளி எடுத்தால்தான் அவன் உள்ளே வருவான், போனஸ் (எதிராளி பக்கத்துப் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்து எடுக்கும் புள்ளி) எடுத்தால்கூட வர முடியாது. புது ரெய்டர் மாட்டத்தான் செய்வான். இரண்டு கார்னரும், அதாவது டிஃபென்ஸின் இரண்டு ஓரத்திலும் நின்று பிடிப்பவர்கள், உறுதியாக இருந்தால் உடனே திரும்பி வந்து இன்னொரு ரெய்டு போவான். கார்னர் ஓட்டை என்றால் பாதி நேரம் வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான், அதில் அவன் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

2022 புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்த பவன் செராவத் முதல் மேட்ச்சிலேயே அடிபட்டு வெளியேறினார். அந்த இடத்தைப் பிடித்தவர் அறிமுக வீரர் நரேந்தர். சீசன் முடிவில் அவர் கணக்கில் 200-க்கு மேல் ரெய்டு புள்ளிகள், டீம் முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. எல்லாரும் நரேந்தரைப் பற்றித்தான் பேசினார்கள், பின்னால் சாகரும் சாஹிலும் கார்னரில் நின்றதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை.

சரி, பையனைச் சோதிப்பது எப்படி? பிராக்டிஸில் நம்ம பசங்க முழு பலத்தோடு பிடிப்பதில்லை, அதனால் அங்கே தொடுவதை நம்பாதீர்கள். இரண்டு ரெய்டு காலியாகப் போய்விட்டதாக வைத்துக்கொண்டு மூன்றாவதுக்கு, அதாவது புள்ளி எடுக்காவிட்டால் அவுட் என்ற ரெய்டுக்கு, அவனை அனுப்புங்கள். எதிரே நிற்பவர்களிடம் தயவு பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முப்பது நொடியில் இருபதை எல்லையோரமே கடத்துபவனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. உள்ளே புகுந்து மாட்டிக்கொள்பவனைத் தைரியமாக இறக்கலாம். ஜெர்சிக்குக் காசு கொடுத்தவரின் அக்கா பையன் என்பது தகுதியில் சேராது!

நம்ம ஊர் டோர்னமென்ட்கள் பெரும்பாலும் நாக்அவுட், ராத்திரி முழுக்க நடக்கும். அதனால் சுமாரான டீம் வரும் முதல் ரவுண்டிலேயே பையனை ஆரம்பத்தில் இருந்து ஆடவிடுங்கள், சீனியரின் முழங்கால் விடியற்கால அரையிறுதிக்கு மிச்சமாகும். எதிரே ஆறு ஏழு பேர் நிற்கும்போது அனுப்பினால் போனஸாவது கிடைக்கும். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்றால் சுலபம் என்று நினைத்து அவனைத் தள்ளாதீர்கள், அங்கே மாட்டினால் சூப்பர் டாக்கிள், எதிராளிக்கு இரண்டு புள்ளி. அந்த ரெய்டு அண்ணனுக்கு.

இரண்டு தடவை மாட்டினான் என்று மாற்றிவிட்டால் அடுத்த மேட்ச்சில் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடிவரத்தான் பார்ப்பான், அதனால் பாதி ஆட்டம் வரைக்கும் கை வைப்பதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். முந்தின நாளே சீனியரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். பையனிடம் அவரே, "தம்பி, நாளைக்கு நீதான் முதல் ரெய்டு" என்று சொல்லட்டும்.