'ப்ரீஃப் என்கவுன்டர்' பார்க்க உட்காரும் முன்

முதல் தடவை இந்தப் படத்தைப் போட்டபோது, ஆரம்பத்திலேயே ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்து ஓயாமல் பேசினாள். சரி, கதை இன்னும் தொடங்கவில்லை என்று எழுந்து காபி கலக்கப் போய்விட்டேன். படத்தின் உயிர் அங்கேதான் இருந்தது என்பது கடைசி பத்து நிமிடத்தில்தான் உறைத்தது.

எனவே காபியை முன்னாடியே கலந்துகொள்ளுங்கள். டேவிட் லீன் 1945இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, இடைவேளை விடாதீர்கள். சப்டைட்டில் கட்டாயம். அந்தக் காலத்து ஆங்கிலம், சொற்களை நறுக்கு நறுக்கென்று கடித்துப் பேசுவார்கள், நடுவில் ரயில் வேறு கூவும்.

கதையை இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். லாரா, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் உள்ளவள். வியாழன்தோறும் ரயிலேறி மில்ஃபர்டுக்குப் போய், சாமான் வாங்கி, நூலகப் புத்தகத்தை மாற்றி, மேட்னி பார்த்துத் திரும்புவாள். ஒருநாள் ஸ்டேஷனில் அவள் கண்ணில் தூசி விழ, டாக்டர் அலெக் எடுத்துவிடுகிறார். அவரும் கல்யாணமானவர்.

இப்போது அந்த முதல் காட்சி. ஸ்டேஷன் டீக்கடையில் கேமரா முதலில் கல்லா அம்மாளையும் அவளிடம் வழியும் ரயில்வே ஊழியரையும்தான் காட்டும். நீங்கள் பின்னால் மேசையில் இருக்கும் இருவரைப் பாருங்கள். டாலி என்கிற அந்த வாயாடி நடுவில் வந்து உட்காருவாள். அலெக்கின் ரயில் வந்துவிடும். எழுந்து போகும்போது லாராவின் தோளில் கையை வைத்து லேசாக அழுத்துவார். அவ்வளவுதான், ஒரு நொடி. அதை விட்டுவிடாதீர்கள். அப்புறம் டாலி கவுன்டர் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் லாராவைக் காணோம்; கொஞ்ச நேரத்தில் வெளுத்த முகத்தோடு வந்து நிற்பாள். எங்கே போனாள் என்று இங்கே எழுத மாட்டேன்.

அடுத்து, கணவர் ஃப்ரெட். காதலர்களைப் பார்க்கிற அவசரத்தில் இவரை மறந்துவிடுகிறோம். மொத்தக் கதையையும் லாரா இவர் எதிரே உட்கார்ந்து, வாய் திறக்காமல், மனசுக்குள் இவரிடம்தான் சொல்கிறாள். அவரோ குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். கீட்ஸ் கவிதை வரியில் விடுபட்ட ஏழெழுத்துச் சொல் என்ன என்று கேட்கிறார். 'ரொமான்ஸ்' என்கிறாள். ஆமாம், 'பலுசிஸ்தா'னோடு பொருந்துகிறது என்று எழுதிக்கொள்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே சங்கடமாகவும் இருந்தது.

ஒலியைக் குறைக்காதீர்கள். ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினாவின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது) வெறும் பின்னணி இசை இல்லை. லாரா வீட்டு வானொலியில் போட்டதுதான். சத்தம் தாங்காமல் ஃப்ரெட் குறைக்கச் சொல்வார்.

ஸ்டேஷன் காட்சிகளை வட இங்கிலாந்தின் கார்ன்ஃபோர்த்தில், போர் முடியும் முன்பே, இரவில் எடுத்தார்கள். விமானத் தாக்குதல் எச்சரிக்கை வந்தால் விளக்குகளை அணைக்க நேரம் கிடைக்கிற அளவுக்குத் தள்ளி இருந்த ஊர். டீக்கடை மட்டும் ஸ்டுடியோ செட்.

படம் முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். முதல் காட்சிக்கே திரும்பப் போங்கள். இந்தத் தடவை டாலி என்ன பேசினாலும் பேசட்டும், லாராவின் தோளையே பார்த்துக்கொண்டிருங்கள்.