பலேர்மோவில் அம்மா அப்பாவைத் தெருச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போவது எப்படி

யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ போகிற அம்மா அப்பாமார் பலர், அங்கே நிற்கும் காலம் முழுக்க வீட்டுச் சோறும் கறியுமாகவே கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். எதற்குள் மாட்டிறைச்சி கிடக்குமோ என்ற பயம். பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் எதை எங்கே கேட்பது என்று தெரிந்த ஒருவர் கூட இருந்தால், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவரும் அரை நாள் நடந்து வயிறாரச் சாப்பிடலாம்.

காலை 10 மணிக்குத் தொடங்குங்கள். அதற்கு முன் எண்ணெய்ச் சட்டி சூடாகியிருக்காது; பிற்பகல் 2 மணிக்குப் பிறகு சந்தை கலையத் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை அரைச் சந்தைதான். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிக் கடைகள் பல பூட்டு, வெயிலும் கடுமை. நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் அந்த மாதத்தில் வருவதால் விரதகாரருக்கு அது எப்படியும் தோதான காலமல்ல. ஏப்ரல், மே, ஒக்டோபர் நல்லது. ஊரின் காவல் புனிதை சந்தா ரொசாலியாவைக் கும்பிட மொன்டே பெல்லெக்ரினோ மலை ஏறுகிற நாளில் இந்த நடையை வைக்க வேண்டாம். நம்மவர்கள் அந்த மலைக்குப் போகாமல் விடமாட்டார்கள், கால் இரண்டுக்கும் தாங்காது.

செருப்போடு கூட்டிப்போகாதீர்கள். சந்தைத் தெருக்களின் கல் வழவழப்பானது, மீன் கடைத் தண்ணீர் எப்போதும் ஓடும். பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும். 1, 2 யூரோ காசும் 5, 10 யூரோத் தாள்களும் வைத்திருங்கள். கைப்பையை முன்பக்கம் போடச் சொல்லுங்கள்.

பாதை இதுதான். ரயில் நிலையத்திலிருந்து பல்லாரோ சந்தைக்கு ஏறக்குறைய 10 நிமிட நடை. அங்கிருந்து மக்குவெதா வீதி வழியாகக் குவாட்ரோ கான்தி நாற்சந்தி. அதில் கடல் பக்கம் திரும்பி, ரோமா வீதியைக் கடந்ததும் இடது கையில் வுச்சிரியா சந்தை. முடிவு லா காலா, அதாவது பழைய துறைமுகம். தூரம் ஏறக்குறைய 2 கிலோமீற்றர். நின்று நின்று போக 3 மணித்தியாலம் ஆகும்.

முதல் கடி பனெல்லேயாக இருக்கட்டும். கடலைமாவையும் தண்ணீரையும் கட்டிபடாமல் அடுப்பில் விடாமல் கிண்டி, களிப்பதம் வந்து சட்டியை விட்டு உருளும்போது பார்ஸ்லி தூவி, மெல்லியதாகப் பரப்பி ஆறவிட்டு, வெட்டிப் பொரிப்பது. வீட்டில் செய்ய 500 கிராம் மாவுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். எள்ளுப் பாணுக்குள் நாலைந்து துண்டை வைத்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டுத் தருவார்கள். சட்டியிலிருந்து எடுத்த கையோடு சாப்பிட வேண்டும். தட்டில் குவிந்து கிடப்பது தோல்போல இழுபடும். இரண்டு பேருக்கு ஒரு பாண் போதும், இன்னும் எவ்வளவோ இருக்கிறது. கூடவே குரொக்கே, அதாவது உருளைக்கிழங்கை மசித்துப் பொரித்தது, கேளுங்கள். ஆசாரம் பார்க்கிறவர் இருந்தால் எண்ணெயைக் கவனியுங்கள்: இறைச்சி உருண்டையும் அதே சட்டியில் பொரிபடலாம். பனெல்லேயும் குரொக்கேயும் மட்டும் பொரிக்கிற வண்டியைத் தேடுங்கள்.

ஆள் அகப்படுகிற இடம் அரன்சீனா. குங்குமப்பூ நிறத்தில் வடிவான சோற்று உருண்டை. பார்த்தால் சைவம் மாதிரியே இருக்கும். பலேர்மோவில் பெரும்பாலும் உருண்டையானதற்குள் அரைத்த இறைச்சி, நீள்வட்டமானதற்குள் சீஸும் பன்றி ஹாமும். இரண்டாவதற்குப் பெயர் ‘அல் பூர்ரோ’, வெண்ணெய் போட்டது. பெயரில் பன்றியே இல்லை. கீரை வைத்ததும் சில கடைகளில் உண்டு. ‘சென்ஸா கார்னே’, இறைச்சி இல்லாமல், என்று மட்டும் கேட்டால் போதாது. ஹாமையும் நெத்தலி வகை மீனையும் பலர் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘சென்ஸா புரொஷூட்டோ, சென்ஸா அச்சூகே’ என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். மூன்று சில்லு வண்டியில் வருகிற ஸ்ஃபின்சோனே என்ற தடித்த தக்காளிப் பாணில் அந்த மீன் வெங்காயத்தோடு கரைந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. மீன் சாப்பிடுகிறவருக்கு அருமையான சாமான்.

டிசம்பர் 13, சந்தா லூசியா நாளில் ஊர்க்காரர் பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். ஊரெங்கும் அரன்சீனாதான்.

மச்சம் சாப்பிடுகிறவர்களுக்கு வுச்சிரியா. அவித்த எட்டுக்கால் கணவாயை முன்னாலேயே வெட்டி எலுமிச்சை பிழிந்து தருவார்கள், நின்றபடி சாப்பிடுவது. புகை வருகிற பக்கம் போனால் ஸ்திக்யோலா: வெங்காயத்தாளில் குடலைச் சுற்றிக் கரியில் சுட்டது. ஆட்டுக்குடல் கறிக்காரருக்குப் பிடிக்கும், ஆனால் கன்றுக்குட்டிக் குடலிலும் செய்வதுண்டு. ‘அன்யெல்லோ?’ என்று கேளுங்கள். அது ஆட்டுக்குட்டி. ‘விதெல்லோ’ என்றால் கன்று. பாணுக்குள் வைக்கிற மில்ஸா, கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் அவித்துப் பன்றிக் கொழுப்பில் வதக்கியது. துணி மூடிய கூடைக்குள் கைவிட்டு எடுத்துத் தருகிற ஃபிரித்தோலாவும் கன்றுதான். மாடு சாப்பிடாதவர் இரண்டையும் விட்டுவிட வேண்டியதுதான். சான் ஃபிரான்செஸ்கோ தேவாலயத்தின் முன்னால், 1834இல் தொடங்கிய கடையில் மில்ஸா செய்வதை வேடிக்கை பார்க்கலாம். வேடிக்கைக்குக் காசில்லை.

இனிப்பைக் கடைசிக்கு வையுங்கள். கன்னோலோ, பொரித்த மாவுக் குழலுக்குள் ரிக்கோட்டா என்ற மென்மையான பாற்கட்டி வைத்தது. அதை அந்த இடத்திலேயே நிரப்பித் தருகிற கடையில் வாங்குங்கள். முன்கூட்டி நிரப்பியதில் ரிக்கோட்டாவின் ஈரம் ஏறி ஓடு நமத்துவிடும். ஓட்டு மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது பழைய வழக்கம், ‘ஸ்ட்ருட்டோ?’ என்று கேட்டே வாங்குங்கள். சந்தேகம் வந்தால் எலுமிச்சைக் கிரனீத்தா என்ற ஐஸ் இனிப்பு: தண்ணீர், சீனி, சாறு, அவ்வளவே. கோப்பிக் கடையில் நின்று குடித்தால் மேசையில் இருப்பதைவிட மலிவு. பல கடைகளில் முதலில் காசாளரிடம் கட்டி, துண்டைக் காட்டித்தான் வாங்க வேண்டும். உணவகத்தில் இருந்தால் ‘கொபெர்த்தோ’ என்று ஆளுக்கு ஒரு தொகை பில்லில் ஏறலாம், சண்டை பிடிக்காதீர்கள்.

ஊருக்குக் கொண்டுவர மர்தொரானா நல்லது. பாதாம் மாவும் சீனியும் பிசைந்து பழ உருவில் நிறம் தீட்டியது, நாள் தாங்கும். கேப்பர் மொட்டு வாங்கினால் உப்பில் போட்டதாக எடுங்கள். வினாகிரிப் போத்தல் பெட்டிக்குள் ஒழுகினால் சேலை போய்விடும். சமைக்கும் முன் கழுவி, தண்ணீரில் ஊறவிட்டு உப்பை இறக்குங்கள்.