‘மீதியில்’ என்ற சொல்லில்தான் சிக்கல்

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு விகிதமுறு எண்களில் கூட்டல், கழித்தல் எல்லாம் சரியாக வரும். வாக்கியக் கணக்கு என்றால் மட்டும் தடுமாறுவாள். ஒருநாள் இந்தக் கணக்கு: சம்பளத்தில் 1/4 வாடகை, மீதியில் 2/3 மளிகை, கையில் இருப்பது 6,000 ரூபாய். சம்பளம் எவ்வளவு?

அவள் 1/4-ஐயும் 2/3-ஐயும் கூட்டி 11/12 என்றாள். மிச்சம் 1/12, அதனால் சம்பளம் 72,000. கூட்டலில் பிழையே இல்லை. ‘மீதியில்’ என்ற சொல்லைத்தான் கவனிக்கவில்லை. நானும் முதலில் சூத்திரமாக விளக்கி அவளை இன்னும் குழப்பிவிட்டேன்.

அப்புறம் ஒரு நீளப் பட்டை வரைந்து நான்கு கட்டமாகப் பிரிக்கச் சொன்னேன். ஒரு கட்டம் வாடகை. மீதி மூன்று கட்டம், அதில் 2/3 என்றால் இரண்டு கட்டம். மிஞ்சியது ஒரே கட்டம், அதுதான் 6,000. “அப்போ 24,000-தானேப்பா!” என்று அவளே சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது எந்தப் பின்னத்தைப் பார்த்தாலும் ‘எதில்?’ என்று பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறாள். விடை வந்ததும் அதைக் கணக்கில் போட்டுப் பார்க்கிறாள்: 6,000 வாடகை, 12,000 மளிகை, 6,000 மிச்சம்.