15 கொடுத்த வண்டி ஏன் 11 கொடுக்கிறது?

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. ஷெட்டைத் திறந்து ஊதுபத்தி கொளுத்துவதற்குள் கழுகுமலை வாத்தியார் வந்து நின்றுவிட்டார். 2014 மாடல் பெட்ரோல் கார். இறங்கும்போதே கோபம்.

"அண்ணாச்சி, பெட்ரோல்ல எதையோ கலந்து கெடுத்துட்டானுவ. லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி, இப்ப 11 கொடுக்கு. இனிமே அந்த விலை கூடுன பெட்ரோலையே போட்டுரட்டா?"

கோவில்பட்டியில் 26 வருஷமாக ஷெட் வைத்திருக்கிறேன். சமீப காலத்தில் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்ன அளவுக்கு வேறெதற்கும் சொன்னதில்லை. சாருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பெட்ரோல் மேல் எவ்வளவு பழி போடலாம்?

இப்போது பங்கில் ஊற்றுவது இ20. 100 லிட்டரில் 20 லிட்டர் எத்தனால். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் எடுக்கிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வரும் சூட்டில், ஒரு லிட்டர் எத்தனால் மூன்றில் இரண்டு பங்குதான் தரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கலப்பே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு ஆறு, ஏழு குறையும். முன்பு வந்த 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் மூன்று, நாலுதான் குறையும். 15 கொடுத்த வண்டி 14.5 கொடுக்கும். 11 கொடுக்காது.

"அப்ப மிச்சம் மூணரை கிலோமீட்டர் எங்க போச்சு அண்ணாச்சி?"

"அதைத்தான் சார் தேடப்போறோம். வண்டியை உள்ள விடுங்க."

அதற்கு முன் எத்தனாலைப் பற்றி இரண்டு விஷயம். உங்கள் வண்டிக்கு என்ன ஒத்துக்கொள்ளும் என்று என்னைக் கேட்கவே வேண்டாம், பெட்ரோல் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகள் இ20 தாங்கும்படி செய்யப்பட்டவை. பெரும்பாலும் அங்கேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதற்கு முந்தைய வண்டி என்றால் மேனுவலில் எத்தனை சதவீதம் வரை என்று போட்டிருக்கும். சாருடையது போன்ற வண்டி இ20 போட்ட மறுநாளே நின்றுவிடாது. ஆனால் பழைய ரப்பர் ஹோஸ், வாஷர், சீல் எல்லாம் மெல்ல ஊதிப்போய் வெடிப்பு விடும். காலையில் கார் பக்கத்தில் போனதும் பெட்ரோல் வாடை வந்தால் அலட்சியம் வேண்டாம், அன்றைக்கே ஹோஸைக் காட்டுங்கள். எத்தனால் தாங்கும் ஹோஸ் கடையில் கிடைக்கிறது. பெரிய செலவில்லை. தீப்பிடிக்கிற காரியம் என்பதால் சொல்கிறேன்.

இரண்டாவது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். மகன் துபாயில் இருக்கிறான், கார் எட்டு மாதமாகப் போர்வைக்குள் என்று கொண்டு வருவார்கள். அரை டேங்க் பெட்ரோல், அரை டேங்க் காற்று. மழைக்காலம் முழுக்க அந்தக் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்து, கடைசியில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்கார்ந்துவிடலாம். பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். நிறுத்தி வைக்கத்தான் வேண்டும் என்றால் டேங்கை நிரப்பி வையுங்கள். வாரம் ஒரு தடவை யாரையாவது பத்து கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் வண்டிக்குப் புண்ணியமில்லை, பேட்டரிதான் இறங்கும்.

விலை கூடின பெட்ரோலுக்கு வருகிறேன். அதில் கூடுதலாக இருப்பது ஆக்டேன். ஆக்டேன் என்றால் சக்தி என்று நினைக்கிறார்கள். அது எரிபொருளின் பொறுமை. பிளக் பொறியின் தீ வந்து சேரும் முன்பே தானாக அவசரப்பட்டு வெடிக்காமல் இருக்கும் குணம். பழைய சாதாரணப் பெட்ரோல் 91 ஆக்டேன். எத்தனாலுக்கே ஆக்டேன் அதிகம் என்பதால் இப்போதைய கலப்பில் அது கூடித்தான் இருக்கிறது. டர்போ பெட்ரோல் வண்டியின் மேனுவலில் 95-க்கு மேல் போடச் சொல்லியிருந்தால் போடுங்கள். மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குள் ஆணியைக் குலுக்குவது போல் சத்தம் கேட்டால் ஒரு டேங்க் போட்டுப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு அது வெட்டிச் செலவு. விலை கூடியது என்பதாலேயே அதில் எத்தனால் இல்லை என்றும் எண்ண வேண்டாம். டேங்கில் ஊற்றச் சொல்லி விற்கும் சின்னச் சின்ன பாட்டில்களைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை.

பங்கில் நிற்கும்போது

1000 ரூபாய்க்குப் போடாதே, 970-க்குப் போடு, அப்போதுதான் அளவில் ஏமாற்ற முடியாது என்று ஒரு கதை. விடியற்காலைக் குளிர்ச்சியில் போட்டால் கூடக் கிடைக்கும் என்று இன்னொரு கதை. டேங்க் பூமிக்கடியில் இருக்கிறது. அதற்கு விடியலும் உச்சி வெயிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சந்தேகம் இருந்தால் உங்களுக்கு உரிமையுள்ள காரியத்தைச் செய்யுங்கள்: முத்திரை போட்ட 5 லிட்டர் அளவு கேன் எல்லா பங்கிலும் இருக்க வேண்டும், அதில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். 25 மில்லி முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. ஃபில்டர் பேப்பரும் கேட்கலாம். ஒரு சொட்டு விட்டால் காய்ந்து தடம் தெரியாமல் போக வேண்டும். கறை நின்றால் கலப்படச் சந்தேகம்.

'டக்' என்று நாசில் தானாக நின்றதும் போதும். அதற்கு மேல் குலுக்கிக் குலுக்கி நிரப்பினால் ஆவி போகும் வழியில் இருக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோல் புகுந்து அது கெட்டுப்போகும். அதேபோல ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டும் பழக்கத்தையும் விடுங்கள். டேங்குக்குள் இருக்கும் பம்புக்குச் சூடு தணிப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான்.

டீசல்காரர்களுக்கு

என் தங்கை வீட்டுக்காரர் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு பங்கிலிருந்து போன் செய்தார். டீசல் வண்டியில் 12 லிட்டர் பெட்ரோல் போட்டுவிட்டார்கள். பங்க் பையன் அழாத குறையாக நிற்கிறானாம். நான் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளை, சாவியைப் போட்டீங்களா?" இல்லை என்றார். "தொடவே தொடாதீங்க. நியூட்ரல் போட்டு ஓரமாத் தள்ளுங்க, வாரேன்."

டீசல் தன் வழியெல்லாம் கொஞ்சம் வழவழப்பைக் கொடுத்துக்கொண்டே போகும். ஹை பிரஷர் பம்புக்கு அதுதான் எண்ணெய். பெட்ரோலில் அது கிடையாது. சாவியைத் திருப்பினாலே சில வண்டிகளில் பம்ப் ஓட ஆரம்பித்து, பெட்ரோல் மேலே ஏறிவிடும். ஓட்டியே விட்டால் பம்ப் தேய்ந்து, அந்த இரும்புத் தூள் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை போகும். மாப்பிள்ளைக்கு டேங்கைக் காலி செய்து, கழுவி, டீசல் ஃபில்டரை மாற்றியதோடு முடிந்தது. இது பெரும்பாலும் டீசல் வண்டிக்குத்தான் நடக்கும். பெட்ரோல் நாசில் சின்னது, எந்த ஓட்டையிலும் நுழையும். டீசல் நாசில் பெரிது, பெட்ரோல் வண்டியின் வாயில் லேசில் இறங்காது. எனவே மூடியைத் திறந்ததும் "டீசல்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், மீட்டரில் பூஜ்யத்தையும் பாருங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் பெட்ரோலா டீசலா என்று கேட்டால், தினமும் எவ்வளவு ஓடும் என்று நான் திருப்பிக் கேட்பேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்6 என்ற புகை விதிப்படி செய்த டீசல் வண்டிகளில் சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று உண்டு. டிபிஎஃப் என்பார்கள். பிடித்த கரியை அது தானே எரித்துக்கொள்ள நல்ல சூடு வேண்டும். அந்தச் சூடு நிற்காத ஓட்டத்தில்தான் வரும். எங்கள் ஊர் டாக்டர் ஒருவருக்கு வீட்டிலிருந்து கிளினிக் இரண்டு கிலோமீட்டர். டிபிஎஃப் விளக்கு எரிந்தபடி ஒரு மாதம் ஓட்டினார். பிறகு வண்டி இழுக்கவில்லை. இப்போது அவருக்கு என் வைத்தியம்: ஞாயிற்றுக்கிழமை நாலு வழிச் சாலையில் டாப் கியருக்கு ஒரு கியர் குறைத்து, ஒரே சீராக சாத்தூர் வரை போய்ச் சேவு வாங்கிக்கொண்டு வாருங்கள். விளக்கும் எரியவில்லை, வீட்டில் சேவும் தீர்வதில்லை. இப்படி உள்ளூரிலேயே சுற்றுபவர்களுக்கு டீசல் வேண்டாம். கேஸில் ஓடும் சிஎன்ஜி வண்டி எடுத்தால் கம்பெனி போட்டுத் தந்ததையே எடுங்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சிலிண்டருக்குள் தண்ணீரை அழுத்தி ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வேண்டும் என்பதையும், டிக்கியில் பெட்டி வைக்க இடமிருக்காது என்பதையும் இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

சாருடைய வண்டி

ஜாக்கி வைக்கும் முன் காற்று பார்த்தேன். நாலு டயரிலும் 22, 23. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது, அதில் 33 என்று போட்டிருக்கிறது. பத்து வருஷமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறார். காற்றைக் காலையில், டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, ஸ்டெப்னிக்கும் சேர்த்து. டயர் பக்கவாட்டில் கடைசியாக நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்த டயர். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ரப்பர் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றுங்கள்.

அடுத்து ஏர் ஃபில்டர். கிளிப்பைத் தட்டித் தூக்கினேன். மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய காகிதம், சாணி மெழுகிய தரை போல ஒரே மட்டமாக இருந்தது. கரிசல் மண். சார் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஊர்ப் பாதை அப்படி. மேனுவலில் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போட்டிருந்தாலும், நம்ம பக்கத்து ஆட்கள் 5000-க்கு ஒரு தடவை கழற்றித் தட்டிப் பாருங்கள்.

பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றது. பிரேக் ஜாம். டிரம்மைக் கழற்றினால் ஷூவைச் சுற்றிச் செம்மண்ணும் கரிசலும் சேர்ந்து இறுகியிருந்தன. பிரேக்கை லேசாக மிதித்தபடியே நாள் முழுக்க ஓட்டியதற்குச் சமம் அது. எரிந்த பெட்ரோல் இந்த டிரம்மில்தான் சூடாகிக் காற்றில் போயிருக்கிறது.

கூலன்ட்: இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்

தூத்துக்குடி வண்டி ஒன்று ஓவர் ஹீட் என்று வந்தது. எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்டின் வழியைத் திறந்து மூடுவது தெர்மோஸ்டாட், அதன் மூடியைக் கழற்றினேன். உள்ளே வெந்நீர் அண்டாவின் அடி போல வெள்ளைக் காறை, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. இரண்டு கோடைக்கு கூலன்டுக்குப் பதிலாக போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் மூடியபடியே இறுகி, சூடு தாங்காமல் எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஒரு கேன் கூலன்ட் சில நூறு ரூபாய். அந்த வேலைக்கு 18,000 ஆனது.

எனவே, ரெடி மிக்ஸ் கூலன்ட் வாங்கி அப்படியே ஊற்றுங்கள், அல்லது கெட்டியானதை வாங்கி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். பழையது என்ன வகையோ அதே வகை. நிறத்தை மட்டும் பார்த்துக் கலக்காதீர்கள். கூலன்ட் டப்பாவில் MIN, MAX என்ற இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறதா என்று எஞ்சின் ஆறியிருக்கும்போது வாரம் ஒரு பார்வை. நடுவழியில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனால் ஏசியை அணைத்து ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, அரை மணி நேரம் டீ குடியுங்கள். சூட்டில் மூடியைத் திறந்து முகம் வெந்தவரை எனக்குத் தெரியும். ஆறிய பிறகு வேறு வழியில்லாமல் குடிதண்ணீர் ஊற்றி வீடு வரலாம், வந்ததும் அதை இறக்கிவிட வேண்டும்.

மற்றவை

எஞ்சின் ஆயிலை சமதரையில், அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து, டிப் ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். டீசலில் ஆயில் கறுப்பது சாதாரணம். பால் காப்பி நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஓட்டாதீர்கள். கிரேடு மேனுவலில் உள்ளபடிதான். வண்டி பழசாச்சு, கெட்டி ஆயில் ஊற்று என்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருஷம் ஒரு தடவை ஆயிலும் ஆயில் ஃபில்டரும் சேர்த்து மாற்ற வேண்டும். டேஷ்போர்டில் ஆயில் கேன் படம் சிவப்பாக எரிந்தால் அடுத்த ஊர் வரை போகலாம் என்று நினைக்காதீர்கள், நின்ற இடத்தில் அணையுங்கள்.

பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றாமல் கொடைக்கானல் இறங்கினால், பாதி மலையில் பெடல் பஞ்சு போல அமுங்கும். ஏறின கியரிலேயே இறங்குங்கள். பேட்டரி முனையில் பச்சைப் பூஞ்சை போலப் பூத்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துக் கழுவி, வாசலைன் தடவுங்கள்.

எலிக்கு மட்டும் எனக்கு முழு விடை கிடையாது. ஒயரைக் கடித்து வரும் வண்டி மாதம் இரண்டாவது வருகிறது. பானெட்டுக்குள் புகையிலைக் கட்டு தொங்க விடுகிறார்கள். சில வீட்டு எலிக்குப் பிடிக்கவில்லை, சில வீட்டு எலிக்குப் பழகிவிட்டது. வண்டியைத் தினம் எடுப்பதுதான் கொஞ்சம் கேட்கிறது.

சாருக்கு ஃபில்டர், பிரேக் வேலை, காற்று, ஆயில் எல்லாம் முடித்து அனுப்பும்போது மைலேஜ் பார்க்கும் விதத்தையும் சொன்னேன். நாசில் தானாக நிற்கும் வரை நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 300 கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்கில் அதே நாசிலில் மறுபடி முதல் 'டக்' வரை நிரப்புங்கள். ஓடினதை ஊற்றின லிட்டரால் வகுத்தால் சரியான கணக்கு வரும். டேஷ்போர்டு காட்டுவது கொஞ்சம் ஆசை வார்த்தை.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது. 14.2 கொடுக்கிறதாம். "அப்பவும் பாருங்க அண்ணாச்சி," என்றார், "அந்த 0.8-ஐ எத்தனால்தான் தின்னுட்டு."