வாடையா, கச்சானா: ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு ராத்திரி டென்ட் அடிக்க

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் ஓர் இரவு கடலோரம் தங்க நினைத்தால், முதலில் பார்க்க வேண்டியது காற்று. இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஐப்பசி, கார்த்திகையில் வாடை என்கிற வடகிழக்குக் காற்று அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கடல் சீறும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். தை கடைசியிலிருந்து பங்குனி வரை இரண்டுமே ஓரளவு அமைதி. டென்ட் அடிக்க அதுதான் நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். மழையும் புயலும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

வடகடல் பக்கம் உச்சிப்புளி தாண்டி வருகிற அரியமான் நல்ல இடம். சவுக்குத் தோப்பு, நெடுந்தூரம் முழங்கால் அளவே ஆழமுள்ள தண்ணீர். தனுஷ்கோடியில் இரவு தங்க விடமாட்டார்கள், பொழுது சாயும் முன் திரும்பிவிட வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் அங்கே இறங்கும் எண்ணமே கூடாது.

எங்கே தங்கினாலும் வெளிச்சம் இருக்கும்போதே பக்கத்து மீனவர் ஊரில் ஒரு பெரியவரைப் பார்த்து, "ஐயா, இன்னைக்கு ராத்திரி இங்க தங்கிக்கலாமா?" என்று கேளுங்கள். கடலோரக் காவல் குழுமத்திடமும் சொல்லி அனுமதி வாங்குங்கள். இலங்கை கூப்பிடு தூரம் என்பதால் ராத்திரி ரோந்து உண்டு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். போனில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள், இலங்கை டவர் பிடித்துக்கொள்ளலாம். ட்ரோனைப் பெட்டியை விட்டு எடுக்க வேண்டாம்: உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது.

காரை மணலில் இறக்காதீர்கள், கெட்டித் தரையிலேயே நிறுத்துங்கள். சக்கரம் புதைந்துவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் கீழேதான் போகும். சக்கரத்துக்கு முன்னால் உள்ள மணலைக் கையால் வாரிவிட்டு, டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, காய்ந்த ஓலையோ கார் மேட்டோ போட்டு, மெதுவாக நகர்த்துங்கள். தார் ரோடு ஏறியதும் பழைய அளவுக்குக் காற்றடித்தாக வேண்டும்; அதற்குக் கால்பம்பு ஒன்று வண்டியில் கிடக்கட்டும். ஸ்டெப்னியையும் புறப்படும் முன் பார்த்துவிடுங்கள். ஒற்றையடித் தடத்தில் சீமைக்கருவேல முள் எப்படியும் கிடக்கும்.

இடம் தேர்ந்தெடுக்கக் கடலே கோடு போட்டு வைத்திருக்கும். கரையில் காய்ந்து கறுத்த கடல்தாழை (கடற்புல்) நீள வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும். ஈரமான வரிசை இன்றைய ஏற்றம், அதற்கு மேலே உள்ள பழைய காய்ந்த வரிசை பெரிய ஏற்றம். மேல் வரிசையிலிருந்தும் பத்துப் பதினைந்து அடி தள்ளி அடியுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். வல்லம் (மீன்பிடிப் படகு) இழுத்துப் போட்டிருக்கும் இடமும் கரைவலை இழுக்கும் இடமும் அவர்கள் தொழில் செய்யும் இடம். விடியுமுன் ஆள் வந்துவிடுவார்கள்.

டென்டோடு வருகிற கம்பி முளை இந்த மணலில் நிற்காது. பகலில் நின்ற மாதிரி இருக்கும். நள்ளிரவில் காற்று திரும்பினால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ளும். ஐந்து கிலோ அரிசிப் பை ஆறு எடுத்து வாருங்கள். பையில் மணல் நிரப்பி, வாயைக் கயிற்றால் இறுக்கி, அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே விட்டு, ஒன்றரை அடிக் குழியில் பையைப் படுக்கவைத்து மூடி மிதியுங்கள். மேலே உலர்மணல் பொலபொலவென்று சரியும். ஒரு சாண் தாண்டினால் நிறம் மாறி ஈரமணல் வரும், அதுதான் பிடிக்கும். ஈரம் வரும்வரை தோண்டாமல் புதைத்தால் பை வைத்தும் பயனில்லை. நாலு மூலைக்கு நாலு, காற்று வருகிற பக்கம் கூடுதலாக இரண்டு. வாசல் காற்று வராத பக்கம் இருக்கட்டும். காய்ந்த கிளை தொங்கும் சவுக்குக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

தோப்புக்குள் தீ மூட்டவே கூடாது. உதிர்ந்த சவுக்குச் சருகு பஞ்சு மாதிரி பற்றும். சின்ன கேஸ் அடுப்பை வெறும் மணலில் பலகை வைத்து, காற்றுக்கு மறைப்பு கட்டிப் பயன்படுத்துங்கள். தோப்புக்கு வெளியே தீ மூட்டியிருந்தால், தணலை மணலில் புதைப்பது மிகப் பெரிய தப்பு: மேலே ஆறின மாதிரி தெரியும், உள்ளே மணிக்கணக்கில் கனன்று கிடக்கும், காலையில் குழந்தைகள் கால் வைப்பார்கள்.

கரையில் தண்ணீர் உப்புக்கரிக்கும். ஆளுக்கு ஐந்து லிட்டர் குடிக்கவும் சமைக்கவும், கால் கழுவத் தனியாக ஒரு கேன், ராமநாதபுரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கடலில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடங்கள். அடியில் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போகும். மிதித்தால்தான் முள்ளால் குத்தும். கரை ஒதுங்கிய சொறியை (ஜெல்லி மீனை) செத்தது என்று தொடாதீர்கள், காய்ந்தாலும் அரிக்கும். கடல் அட்டை, பவளப்பாறைத் துண்டு எதையும் எடுத்து வராதீர்கள், சட்டப்படி குற்றம்.

தை முதல் பங்குனி வரை, பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி கடலாமை முட்டையிடக் கரையேறும் காலமும்கூட. கடலைப் பார்த்து விளக்கு எரிய விடாதீர்கள், வெளிச்சம் கண்டால் ஆமை திரும்பிப் போய்விடும். ஆமைத் தடம் கண்டால் டென்டை நகர்த்திக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது ஆறு பையையும் தோண்டி எடுத்து மணலைக் கொட்டிக் குழியை மூடுங்கள். டென்டை நிழலில் உதறிக் காயவைத்து மடியுங்கள், ஜிப்பில் உப்பு இறுகினால் அடுத்த முறை திறக்காது. ஊர் போன அன்றே வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.