குசினி வரை வந்த வைஃபை

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்களுடையது பழைய சுண்ணக்கல் வீடு. சுவரே ஒன்றரை அடித் தடிப்பு. அம்மா குசினியில் நின்று கனடாவில் இருக்கும் அக்காவோடு வீடியோவில் கதைத்தால், பாதியில் அக்காவின் முகம் அப்படியே நின்றுவிடும். புட்டு அவிந்து முடியும்வரை "கேக்குதோ பிள்ளை, கேக்குதோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பா. பார்க்கவே மனம் கேட்காது.

வைஃபை தரும் ரவுட்டர் இரும்பு அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது. இரும்பு, வைஃபை அலையை மறிக்கும். எடுத்து நடு அறையில் உயரமாக வைத்தேன். கொஞ்சம் திருந்தியது, போதவில்லை. அப்புறம் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த முகவரியை பிரவுசரில் அடித்து அதன் செட்டிங்ஸைத் திறந்து, அது அனுப்பும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வகை வைஃபை அலைக்கும் தனித்தனிப் பெயர் வைத்தேன். 5 வேகம்தான், ஆனால் தடித்த சுவரில் சோர்ந்துவிடும், 2.4 மெதுவானாலும் தாண்டி வரும். அம்மாவின் போனை 2.4இல் மட்டும் இணைத்தேன்.

நேற்று அக்கா புட்டில் பறந்த ஆவியைக்கூடப் பார்த்தா.