தொட்டிச்செடிகளில் மொட்டும் பூவும் உதிராமல் காப்பது எப்படி?

மொட்டு நிறைந்த செம்பருத்தித் தொட்டியை மாலையில் மூடிய வண்டியில் ஏற்றி, மறுநாள் காலையில் இறக்கும்போது மொட்டுகளில் பாதி தொட்டி மண்ணில் கிடந்தால், தண்ணீர் போதவில்லை என்றோ வெப்பம் தாங்கவில்லை என்றோதான் பெரும்பாலும் நினைக்கிறோம். பல நேரங்களில் உண்மையான காரணம், கண்ணுக்குத் தெரியாத எத்திலீன் வாயு. செடி தானே சுரக்கும் ஹார்மோன் இது; பழுக்கும் பழங்களிலிருந்தும், அழுகும் இலைகளிலிருந்தும், வாகனப் புகையிலிருந்தும் இது வெளிப்படுகிறது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே, காம்பு தண்டோடு சேரும் இடத்தில் செல்களின் பிணைப்பு தளர்ந்து, மொட்டும் பூவும் உதிரத் தொடங்கிவிடும்.

உங்கள் செடி எத்திலீனைத் தாங்குமா என்பதை முதலில் சோதித்துப் பாருங்கள். ஒரே வயதுடைய இரண்டு தொட்டிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் வைத்து, ஒன்றில் மட்டும் நன்கு பழுத்த இரண்டு வாழைப்பழங்களை இட்டு, இரண்டையும் ஓர் இரவு மூடி வையுங்கள். பழம் வைத்த பெட்டியில் மட்டும் உதிர்வு தெரிந்தால் ஐயமில்லை. செம்பருத்தி, காகிதப்பூ, பிகோனியா, கலஞ்சோ, குட்டி ரோஜா ஆகியவை எளிதில் பாதிக்கப்படுபவை. ஆனால் ஒரே இனத்துக்குள்ளும் ரகத்துக்கு ரகம் தாங்குதிறன் வேறுபடுவதால், புதிய ரகம் வாங்கும்போதெல்லாம் இச்சோதனையைச் செய்வது நல்லது.

அடுத்து, வாயு வரும் வழிகளை அடைக்க வேண்டும். பழங்களோடு சேர்த்துச் செடிகளை ஏற்றாதீர்கள். வாடிய பூக்களையும் பழுத்த இலைகளையும் ஏற்றுவதற்கு முன்பே கிள்ளி எடுத்துவிடுங்கள். இன்ஜின் ஓடும் வண்டிக்குப் பின்னால் தொட்டிகளை அடுக்கி வைக்காதீர்கள். வறட்சியும் காயமும் செடியின் சொந்த எத்திலீன் சுரப்பையே கூட்டுகின்றன என்பதால், மண் ஈரமாக இருக்கும்போதே, வெப்பம் தணிந்த நேரத்தில், காற்றோட்டமுள்ள வண்டியில் அனுப்புங்கள். மருந்துக்குச் செலவிடுவதற்கு முன் இவற்றைச் சரிசெய்வதே முறை என்பது என் உறுதியான கருத்து.

எத்திலீனின் விளைவைத் தடுக்கும் மருந்துகள் இருவகை. ஏவிஜி (அமினோஎத்தாக்ஸிவினைல்கிளைசின்) போன்ற வேதிப்பொருள்கள் செடிக்குள் எத்திலீன் உருவாவதைக் குறைக்கின்றன. வெளியிலிருந்து வரும் வாயுவை அவை தடுப்பதில்லை, ஆகவே வண்டிப் பயணத்துக்கு அவற்றை மட்டும் நம்ப முடியாது. எத்திலீனைச் செடி உணரும் இடத்தையே அடைத்துவிடும் இரண்டாம் வகையில் முதன்மையானது 1-எம்சிபி (1-மெத்தில்சைக்ளோபுரோப்பீன்) என்னும் வாயு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சிஸ்லரும் சில்வியா பிளாங்கன்ஷிப்பும் கண்டறிந்த இப்பொருளுக்கு, 1999-இல் அந்நாட்டில் அலங்காரச் செடிகளுக்கான அனுமதி கிடைத்தது. தூளை நீரில் கலந்ததும் வாயு வெளிப்படும் என்பதால், காற்றுப் புகாத அறையில் செடிகளைச் சில மணி நேரம் வைத்து இதைச் செலுத்துகிறார்கள். செடியில் புதிய உணர்விடங்கள் தோன்றத் தோன்ற இதன் காப்பு குறைந்துவிடும்.

நீண்ட காப்புக்குப் பயன்படுவது, அதே இரண்டாம் வகையைச் சேர்ந்த வெள்ளிச் சேர்மமான சில்வர் தயோசல்பேட். 0.34 கிராம் சில்வர் நைட்ரேட்டை 20 மில்லி வாலை நீரிலும் (காய்ச்சி வடித்த நீர்), புகைப்படக்காரர்கள் ஹைப்போ என்றழைக்கும் சோடியம் தயோசல்பேட் படிகத்தில் 2 கிராமை 80 மில்லி வாலை நீரிலும் தனித்தனியே கரைத்து, வெள்ளிக் கரைசலை ஹைப்போ கரைசலில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். இந்த வரிசையை மாற்றி ஊற்றினால் கருநிற வீழ்படிவு உண்டாகும். இதில் 10 மில்லியை எடுத்து, வாலை நீர் சேர்த்து ஒரு லிட்டராக்கி, மொட்டு நிறம் காட்டும் பருவத்தில், ஏற்றுவதற்கு முன்னதாக ஒருமுறை தெளியுங்கள். எத்திலீன் தாக்கிய பிறகு தெளித்தால் உதிர்ந்தது திரும்பாது. அளவு மிகுந்தால் இலையில் கரும்புள்ளிகள் விழும் என்பதால், முதலில் நான்கைந்து தொட்டிகளில் மட்டும் தெளித்துப் பாருங்கள்.

வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. கையுறை அணியாமல் கரைசலைத் தொடாதீர்கள், உண்ணும் செடிகளில் தெளிக்காதீர்கள், மிஞ்சியதைச் சாக்கடையிலோ கிணற்றருகிலோ ஊற்றாதீர்கள். அன்றைய தேவைக்கு மட்டும் தயாரித்து, மீதத்தை மூடிய புட்டியில் சேர்த்து, இரசாயனக் கழிவு வாங்குவோரிடம் ஒப்படையுங்கள். இதற்கு வசதியில்லாத நர்சரிகள் வெள்ளியைத் தவிர்த்து, காற்றோட்டத்தையும் தூய்மையையும் மட்டும் கைக்கொள்வதே சரி.